கம்பு மாவு ஒன்பதே நாளில் காறிப்போகிறது: தப்பு எங்கே?

கரிசல்மகள் | திங்கள், காலை 6.50

எல்லோருக்கும் வணக்கம். கோவில்பட்டிப் பக்கம் இருக்கிறேன். நாலைந்து பெண்கள் சேர்ந்து சிறுதானிய மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறோம். கேழ்வரகில் ஒரு தொல்லையும் இல்லை. கம்புதான் மானத்தை வாங்குகிறது.

முதல் தடவை கம்பை நன்றாகப் புடைத்து, ஒரு நாள் வெயிலில் காயப்போட்டு, மில்லில் நைசாக அரைத்து அனுப்பினோம். ஒன்பதாம் நாள் சென்னையிலிருந்து போன். "ரொட்டி சுட்டோம், நாக்கில் வைக்க முடியவில்லை, கசக்கிறது" என்றார்கள். எங்களிடம் மீதி இருந்த பாக்கெட்டைப் பிரித்தால் பழைய கடலை எண்ணெய் வாடை.

இரண்டாம் தடவை, முளைகட்டினால் சத்து கூடும் என்று கேள்விப்பட்டு, ஊறவைத்து முளைகட்டிக் காயவைத்து அரைத்தோம். அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மூன்றாம் தடவை காற்று உறிஞ்சும் மிஷினில் போட்டுச் செங்கல் மாதிரி பேக் செய்தோம். எண்ணெய் வாடை குறைந்தது, கசப்பு மட்டும் வந்தே தீர்ந்தது. நாங்கள் செய்கிற தப்பு என்ன?

மாவுமில்_25வருசம் | திங்கள், காலை 8.15

அம்மா, பழைய கம்பாக இருக்கும். இல்லையென்றால் மில் சூட்டில் எண்ணெய் கக்கியிருக்கும். கல் சூடேறினால் மாவு கையில் பிடிக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். சாக்கில் அப்படியே கட்டினால் வேர்த்துவிடும். பரப்பி ஆறவைத்துக் கட்டுங்கள். 25 வருசமாக நான் பார்க்கிற சங்கதி இது.

நொதிப்பித்தன் | திங்கள், மதியம் 1.30

அண்ணாச்சி சொல்வதும் உண்மைதான், ஆனால் பாதி. ஆறவைத்துக் கட்டினாலும் கம்பு மாவு காறும். தானியத்துக்குள்ளேயே ஆள் இருக்கிறது. உணவுத் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கிற வேலை எனக்கு, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பை நீளவாக்கில் பிளந்து பார்த்திருக்கிறீர்களா? கூர்முனைப் பக்கம் வெளிர்மஞ்சளாக ஒரு பொட்டு தெரியும். அதுதான் முளைக்கரு. மற்ற தானியங்களோடு ஒப்பிட்டால் கம்பின் முளைக்கரு உடம்புக்கு மீறிய பெரிசு, மணியின் எடையில் ஆறில் ஒரு பங்கு. கொழுப்பு பெரும்பாலும் அங்கேதான். நம் பழைய உணவுச் சத்து அட்டவணையில் 100 கிராமுக்குக் கொழுப்பு: கேழ்வரகு 1.3, வரகு 1.4, சோளம் 1.9, தினை 4.3, சாமை 4.7, கம்பு 5.0 கிராம். உங்கள் கேழ்வரகு பிழைத்ததும் கம்பு மாட்டிக்கொண்டதும் இதனால்தான்.

முழு மணியில் எண்ணெய் ஒரு அறையில், அதைத் தின்கிற நொதிகள் (என்சைம்கள்) இன்னொரு அறையில். நடுவே சுவர். வருசக்கணக்கில் அப்படியே இருக்கும். நீங்கள் மில்லில் கொட்டிய நிமிடமே சுவர் உடைகிறது. எவ்வளவு நைசாக அரைக்கிறீர்களோ அவ்வளவு நன்றாக இரண்டும் கலக்கும்.

முதலில் வேலையைத் தொடங்குவது லைப்பேஸ். கொழுப்பு என்பது ஒரு கிளிசராலில் மூன்று கொழுப்பு அமிலம் தொங்குகிற கொத்து. லைப்பேஸ் அந்தக் கொத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பறித்துப் போடும். இதற்குக் காற்றே தேவையில்லை. கை தொட்டால் பொடிப்பொடியாக உதிர்கிற காய்ந்த மாவிலும் மெல்ல நடக்கும்.

அடுத்து வருவது லிப்பாக்சிஜனேஸ். உள்ளே ஒரே ஒரு இரும்பு அணுவை வைத்துக்கொண்டிருக்கும் நொதி. எல்லாக் கொழுப்பு அமிலத்தையும் அது தொடாது. லினோலியிக் அமிலம் மாதிரி, இரண்டு இரட்டைப் பிணைப்புக்கு நடுவே ஒரு கார்பன் மாட்டிக்கொண்டிருக்கிற அமைப்பு வேண்டும். கம்பு எண்ணெயில் பாதிக்குச் சற்றே குறைவாக லினோலியிக்தான், ஆகையால் இரைக்குப் பஞ்சமில்லை. அந்த அமிலத்தில் காற்றிலிருக்கும் ஆக்சிஜனைக் கொண்டுபோய் ஒட்டும். ஒட்டியதற்குப் பெயர் ஹைட்ரோபெராக்சைடு. அதற்கு வாடை கிடையாது, ஆனால் நிலையாக நிற்காது, உடையும். அமிலச் சங்கிலியின் 13ஆம் கார்பனில் ஒட்டியது உடைந்தால் ஹெக்சனால் வரும், பச்சைப் புல்லும் பழைய அரிசியும் கலந்த வாடை. 9ஆம் கார்பனில் ஒட்டியது உடைந்தால் நோனினால் வகையறா, நனைந்த அட்டைப்பெட்டி வாடை. உடையாமல் வேறு வழியில் மாறுகிற சில அமிலங்கள் நாக்கில் கசக்கும்.

முளைகட்டியது ஏன் மோசமானது என்றால், விதைக்கு முளைப்பதுதான் பிழைப்பு. ஈரம் பட்டதும் சேமித்த எண்ணெயை உடைத்துக் குருத்துக்கு ஊட்ட லைப்பேஸைப் பெருக்கும். நீங்கள் அந்தப் பெருகிய நொதியோடு சேர்த்து அரைத்துவிட்டீர்கள்.

கரிசல்மகள் | திங்கள், மாலை 4.05

அடேயப்பா! அப்படியானால் மூன்றாம் தடவை காற்றை உறிஞ்சி எடுத்தோமே, அங்கே என்ன நடந்தது?

நொதிப்பித்தன் | திங்கள், மாலை 4.40

நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள்: வாடை குறைந்தது, கசப்பு வந்தது. காற்று இல்லாததால் லிப்பாக்சிஜனேஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. லைப்பேஸ் பாட்டுக்கு அறுத்துக்கொண்டே இருந்தது. தனியாகக் கழன்ற கொழுப்பு அமிலமே நாக்கில் சவர்க்காரம் மாதிரி ஒரு கரகரப்பைக் கொடுக்கும். வாடிக்கையாளர் பாக்கெட்டைப் பிரித்ததும் ஆக்சிஜன் உள்ளே போகும், அறுத்துக் குவித்த இரை அங்கே தயாராக இருக்கும். பிரித்த பிறகு இரண்டே நாளில் கெட்டிருக்குமே?

கரிசல்மகள் | திங்கள், மாலை 4.52

ஆமாம், அப்படித்தான் சொன்னார்கள்! "பிரிக்கும்போது நன்றாக இருந்தது, மறுநாள் கெட்டுவிட்டது" என்று ஒருவர். பொய் சொல்லிப் பணம் திரும்பக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

சந்தேகராசா | திங்கள், இரவு 9.20

நொதி, கார்பன் என்று பயமுறுத்தாதீர்கள். நம் தாத்தா பாட்டி கம்பு தின்றுதானே வளர்ந்தார்கள்? அப்போது காறவில்லை, இப்போது ஏன் காறுகிறது? ஒட்டுரக விதையைக் கொண்டுவந்து நாட்டுக் கம்பை ஒழித்ததுதான் காரணம். நாட்டுக் கம்பு வாங்கி அரைத்துப் பாருங்கள்.

திண்ணைப்பேச்சு | திங்கள், இரவு 10.45

ராசா, அப்போதும் காறியிருக்கும். ஆனால் காறும் வரை யார் வைத்திருந்தார்கள்?

எங்கள் ஆச்சி கம்பு குத்துவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டு படி கம்பை உரலில் போடுவாள். ஒரு கை தண்ணீர் தெளித்து, பிசிறிவிட்டு, சற்று நேரம் விடுவாள். தோல் இளகும். அப்புறம் உலக்கையால் குத்தினால் தவிடு தனியாகக் கழலும். சுளகில் புடைத்துத் தவிட்டைக் கோழிக்குப் போட்டுவிட்டு, மறுபடி குத்தி நொய்யும் மாவுமாக எடுப்பாள். அது அன்றைக்கே உலைக்குப் போகும். கொதிக்கும் பானையில் எந்த நொதி உயிரோடு இருக்கும்? மிஞ்சிய சோற்றை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டால் காலையில் கூழ். ஆச்சி வீட்டில் கம்பு குதிரில் மணியாக இருந்தது, மாவாக ஒரு நாளும் இருந்ததில்லை. மறுநாளைக்கு மாவு எடுத்து வைத்தால் "கமறும்டி" என்பாள்.

ராஜஸ்தான்காரர்களைப் பாருங்கள், நாட்டிலேயே அதிகமாகக் கம்பு விளைவது அங்கேதான். அவர்களும் சில நாளைக்கு வேண்டியதை மட்டும்தான் அரைத்துக்கொள்வார்கள். நம் பிரச்சினை பாக்கெட்டோடு வந்தது.

சந்தேகராசா | செவ்வாய், காலை 7.30

சரி, ஆச்சி கணக்கு ஒப்புக்கொள்கிறேன். ரகத்துக்கு ரகம் வித்தியாசமே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நொதிப்பித்தன் | செவ்வாய், காலை 8.10

சொல்ல மாட்டேன். வித்தியாசம் நிறையவே இருக்கிறது. ஆனால் அது நாட்டுரகம், ஒட்டுரகம் என்று பிரிகிற கோடு இல்லை. ஹைதராபாத் அருகே பட்டஞ்செருவில் இருக்கும் இக்ரிசாட் என்ற பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தார், மற்ற நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து, கம்பு மாவு காறுவதற்குக் காரணமான இரண்டு லைப்பேஸ் மரபணுக்களைக் கண்டு 2022இல் வெளியிட்டார்கள். அவற்றில் இயற்கையாகவே பழுது விழுந்த கம்பு வரிசைகளின் மாவு மெதுவாகத்தான் காறுகிறது. அந்தப் பழுதை நல்ல ரகத்துக்குள் கொண்டுவரலாம்.

தஞ்சைத்தவிடு | செவ்வாய், காலை 11.00

இந்த இழையில் தவிட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று இருந்தது. ஆச்சி கோழிக்குப் போட்டது இருக்கட்டும், ரைஸ் மில்காரனுக்கு அது பணம். நீங்கள் கம்பில் ஒன்பது நாளில் பார்ப்பதை நாங்கள் பச்சரிசித் தவிட்டில் ஒன்பது மணி நேரத்தில் பார்ப்போம்.

தவிட்டில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய். நெல்லைத் தீட்டும்போது தோலில் இருக்கும் லைப்பேஸும் உள்ளடுக்கு எண்ணெயும் ஒன்றாகத் தேய்ந்து வரும். ஈரப்பதமான நாளில் தனிக் கொழுப்பு அமிலம் தினமும் 5 முதல் 7 சதவீதம் ஏறும். 10ஐத் தாண்டினால் சமையல் எண்ணெய்க்குச் சுத்திகரிப்பது கட்டுப்படியாகாது, சோப்புக்குத்தான் போகும். லாரி ஒரு நாள் பிந்தினால் விலை விழுந்துவிடும். என் மில்லில் ஒரு முறை லோடு கிளம்பின மறுநாள் போய்ச் சேர்ந்து, வாங்கும் இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு பாதி விலைக்கு எடுத்தார்கள்.

இதற்கு வைத்தியம் சூடு. தீட்டிய சில மணிக்குள் எக்ஸ்ட்ரூடரில் (சூடாக்கி அழுத்தித் தள்ளும் மிஷின்) 125, 130 டிகிரியில் சில நொடி தள்ளினால் லைப்பேஸ் படுத்துவிடும். புழுங்கல் அரிசிக்கு இந்த மெனக்கெடலே வேண்டாம். நெல்லை ஊறவைத்து ஆவியில் வேகவைக்கிறோமே, அங்கேயே நொதி போய்விடுகிறது. எண்ணெயும் தவிட்டுக்கு நகர்ந்து 22 முதல் 25 சதவீதம் நிற்கும். புழுங்கல் தவிட்டுக்கு ஆலையில் தனி மரியாதை. நம் ஊர்க்காரன் பச்சரிசியை விட்டுப் புழுங்கலைப் பிடித்தது நல்ல காலம்!

சந்தேகராசா | செவ்வாய், மதியம் 2.15

நொதி செத்த புழுங்கல் தவிடும் இரண்டு மாதம் போனால் வாடை வருகிறதே? மாட்டுக்கு வாங்கி வைத்தவன் சொல்கிறேன்.

நொதிப்பித்தன் | செவ்வாய், மாலை 5.30

நல்ல கேள்வி. ராசா சந்தேகப்பட்டால் உருப்படியாகத்தான் படுகிறார்.

நொதி இல்லாமலும் எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும். வெளிச்சம், சூடு, இரும்பு, செம்பு துணை நின்றால் போதும். மெதுவாகத் தொடங்கிச் சங்கிலிபோல் பரவும். புழுக்கும்போது நொதியோடு சேர்ந்து எண்ணெயைக் காக்கிற இயற்கைப் பொருள்களும் கொஞ்சம் போய்விடுகின்றன. ஆகையால் புழுங்கல் தவிடு லைப்பேஸிடமிருந்து தப்பி, காற்றிடம் மெல்லச் சிக்கும். சூட்டுக்கும் ஒரு அளவு வேண்டும் என்று சொல்வது இதனால்தான். நொதி சாகும் வரை போதும், எண்ணெய் வேகும் வரை போகக் கூடாது.

மாவுமில்_25வருசம் | செவ்வாய், இரவு 8.00

ஒரு சந்தேகம் தம்பி. சங்கிலி என்றீர்களே, மில் தொட்டியில் பழைய மாவு ஒட்டிக்கொண்டிருந்தால் புது மாவைக் கெடுக்குமா?

நொதிப்பித்தன் | செவ்வாய், இரவு 8.12

கெடுக்கும். காறின மாவில் இருக்கும் ஹைட்ரோபெராக்சைடு புது மாவில் சங்கிலியைத் தொடங்கிவைக்கும். உறைமோர் ஊற்றின கதைதான்.

மாவுமில்_25வருசம் | செவ்வாய், இரவு 8.20

அப்படியானால் என் மேலும் கொஞ்சம் தப்பு இருக்கிறது. பைப்புக்குள் கை விட்டு வழித்து எத்தனை நாளாச்சு என்று கேட்காதீர்கள்.

பனிநாட்டான் | புதன், காலை 5.40

கனடாவில் சஸ்காட்சுவனிலிருந்து. இங்கே பார்லியில் இதே லிப்பாக்சிஜனேஸோடு பெரிய சண்டையே நடந்திருக்கிறது. பார்லியில் காய்ச்சிய பீர் பாட்டிலில் சில மாதம் கிடந்தால் அட்டைப்பெட்டி வாடை வரும். காரணம் நொதிப்பித்தன் சொன்ன 9ஆம் கார்பன் கதை. டிரான்ஸ்-2-நோனினால் கோடிக்கு ஒரு பங்கு என்றெல்லாம் வேண்டியதில்லை, நூறு கோடிப் பங்கில் 0.1 பங்கு இருந்தாலே பழகின நாக்கு கண்டுபிடித்துவிடும்.

ஜப்பானின் சப்போரோ நிறுவனம், ஒகயாமா பல்கலைக்கழகத்தின் பார்லிச் சேகரிப்பைச் சலித்து, லிப்பாக்சிஜனேஸ்-1 இல்லாத பார்லியைத் தேடி எடுத்தது. இங்கே சஸ்காட்சுவன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அதை வைத்து 'சிடிசி போலார்ஸ்டார்' என்று ஒரு ரகம் கொண்டுவந்தார்கள். டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க்கும் இதே நோக்கத்தோடு தனியாக இறங்கியது. நுரைகூட நீடித்து நிற்கிறது என்கிறார்கள். எனக்குக் குடிப் பழக்கம் இல்லை, மால்ட் (முளைகட்டிய பார்லி) ஆலையில் வேலை மட்டும்தான்.

திண்ணைப்பேச்சு | புதன், காலை 9.15

அரிசிக்கு இந்த மாதிரி உண்டா? பழைய அரிசி வாடை என்று முன்னே சொன்னீர்கள். எங்கள் வீட்டில் பழைய அரிசி என்றால் கூடுதல் விலை. புது அரிசி குழையும், கல்யாண வீட்டுக்குப் பழசுதான்.

நொதிப்பித்தன் | புதன், காலை 10.20

உண்டு. அரிசியின் முளைக்கருவில் மூன்று லிப்பாக்சிஜனேஸ்கள். பெரும்பகுதி வேலையைச் செய்வது மூன்றாவது. தாய்லாந்தில் 'டாவ் டாம்' என்ற நாட்டுரகத்தில் அந்த மூன்றாவது இல்லவே இல்லை என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1990களில் கண்டார்கள். அந்தத் தீட்டாத அரிசியைச் சேமித்து வைத்துப் பார்த்தபோது ஹெக்சனாலும் பழைய வாடையும் மற்றதைவிடக் குறைவு. சந்தேகராசாவுக்கு ஒரு மதிப்பெண்: இது நாட்டுரகத்திலிருந்து வந்த வரம்தான்.

ஜப்பானில் பழைய அரிசி வாடைக்கென்றே தனிச் சொல் இருக்கிறது, வசைச்சொல் மாதிரி. நமக்கோ சோறு பூப்போல் உதிர வேண்டும், வாடையை வடிகஞ்சியோடு ஊற்றிவிடுவோம். வெள்ளையாகத் தீட்டிய அரிசியில் கொழுப்பு அரை சதவீதம்தான். கைக்குத்தல் வாங்கி மாதக்கணக்கில் வைப்பவர்கள்தான் மூக்கைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த நொதி எல்லா இடத்திலும் வில்லன் இல்லை. பச்சை சோயா மாவில் இது ஏராளம். ரொட்டி மாவில் கொஞ்சம் போட்டால் கோதுமையின் மஞ்சள் நிறத்தை அழித்து வெளுப்பாக்கும் என்று 1934லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். பாஸ்தாக்காரர்களுக்கு அதே மஞ்சள்தான் வேண்டும், அவர்கள் இந்த நொதி குறைந்த கோதுமையைத் தேடுவார்கள்.

கரிசல்மகள் | புதன், மதியம் 12.05

பீர், பாஸ்தா எல்லாம் சரி. என் கம்புக்கு என்ன செய்ய? வறுத்து அரைத்தால் போதுமா?

நொதிப்பித்தன் | புதன், மதியம் 12.50

மன்னியுங்கள், வகுப்பு எடுக்கிற புத்தி.

வறுக்கலாம். ஆனால் காய்ந்த மணிக்குள் இருக்கும் நொதி சூட்டை நிறையத் தாங்கும். வெந்நீரில் நொடியில் சாவது, உலர்சூட்டில் 100 டிகிரியில் இரண்டு மணி நேரம் கேட்கும். வாணலியில் பொரியும் வரை வறுத்தால் வேலை முடியும், ஆனால் சத்துமாவு வாசனை வந்துவிடும், ரொட்டி தட்டினால் விள்ளும். அரைத்த பிறகு மாவை வறுப்பதில் அர்த்தமில்லை, சண்டை அதற்குள் தொடங்கியிருக்கும்.

எளிய வழி: கம்பைப் போல் ஐந்து மடங்கு தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது மணியை 30 நொடி முக்கி எடுத்து, உடனே பச்சைத்தண்ணீரில் ஆற்றி, வடித்து, விரைவாகக் காயவைத்து அரைக்க வேண்டும். மணி வேகக் கூடாது.

கரிசல்மகள் | அடுத்த செவ்வாய், இரவு 7.30

செய்து பார்த்தோம். இரண்டு தடவை.

முதல் தடவை 5 கிலோவை ஒரே அண்டாவில் கொட்டினோம். தண்ணீர் கொதி அடங்கிவிட்டது, மறுபடி கொதிக்க நாலு நிமிடம் ஆச்சு. அடியில் கிடந்தது வெந்து, மேலே மிதந்தது பச்சையாக. போதாக்குறைக்கு மேகமூட்டம், காய இரண்டு நாள். பூஞ்சை வாடை அடித்தது, மாட்டுக்குப் போட்டோம்.

இரண்டாம் தடவை ஒரு கிலோ ஒரு கிலோவாக வெள்ளை மல் துணியில் முடிந்து, கழியில் தொங்கவிட்டு, மொபைலில் 30 நொடி வைத்து முக்கி எடுத்தோம். துணியைத் தூக்கும்போது மழை பெய்த களத்து வாசனை. மாடியில் கறுப்புத் தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பி, மணிக்கொரு தரம் கிளறிவிட்டதில் சாயங்காலம் பல்லில் கடித்தால் 'டக்' என்று உடைந்தது. மாவு நிறம் ஒரு சாயல் மங்கல், அவ்வளவுதான்.

நொதி செத்ததா என்று பார்க்க, மருந்துக்கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கி மாவில் ஊற்றினேன். பச்சைக் கம்பு மாவு பொங்கியது, இது பொங்கவில்லை. ஜெயித்துவிட்டோமா?

நொதிப்பித்தன் | அடுத்த செவ்வாய், இரவு 9.00

துணி முடிச்சு அருமையான யோசனை. ஆனால் பொங்குவது வேறொரு நொதி, கேட்டலேஸ். அது லேசான சூட்டிலேயே செத்துவிடும் கோழை. அது செத்ததால் மற்றதெல்லாம் செத்தது என்று ஆகாது. ஆலைகளில் பெராக்சிடேஸ் என்ற தடியனைப் பார்ப்பார்கள். குவையகால் என்ற வேதிப்பொருளும் ஹைட்ரஜன் பெராக்சைடும் விட்டால் செங்கல் நிறம் வரும். வந்தால் அவன் உயிரோடு இருக்கிறான். ஓட்ஸ் ஆவியில் வெந்ததா என்று சோதிப்பதும் இந்த வழியில்தான்.

கம்பில் அந்தப் பெராக்சிடேஸுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கம்பு மாவைக் கரைத்து வைத்தால் சில சமயம் எலிப்புழுக்கை மாதிரி ஒரு வாடை வருமே, அது கொழுப்பால் வருவதில்லை. மேல்தோலின் சாம்பல்பச்சை நிறமிகளில் இந்த நொதி கைவைப்பதால் வருகிறது. மாவு ஈரமானால்தான் வரும்.

திண்ணைப்பேச்சு | அடுத்த செவ்வாய், இரவு 9.25

அதனால்தான் ஆச்சி தவிட்டை நீக்கினாளோ! கூழைப் புளிக்கவைத்தாலும் அந்த வாடை வராது.

நொதிப்பித்தன் | அடுத்த செவ்வாய், இரவு 9.31

புளிப்பு நிறமியையும் வெளுக்கவைக்கும், நொதியையும் மந்தமாக்கும். ஆச்சிக்கு என் வணக்கம். கரிசல்மகள், பரிசோதனைக்கூடத்தில் கொடுத்தால் 'ஆல்கஹால் அமிலத்தன்மை' (மாவு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் எண்) பார்த்துச் சொல்வார்கள். கோதுமை ஆட்டாவுக்கு நம் நாட்டு உச்சவரம்பு 0.18 சதவீதம், மைதாவுக்கு 0.12. ஒரே மாவை முதல் நாளும் 15ஆம் நாளும் 30ஆம் நாளும் கொடுங்கள். எண் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதுதான் விஷயம்.

கரிசல்மகள் | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, காலை 10.10

இன்று 31ஆம் நாள் பாக்கெட்டைப் பிரித்து ரொட்டி சுட்டேன். கசப்பு இல்லை. லேசாகப் பழைய வாடை இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றியது, வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கூடத்தில் கொடுத்ததில் முக்காத மாவின் அமிலத்தன்மை 15 நாளிலேயே எகிறிவிட்டது, முக்கியது கொஞ்சம்தான் நகர்ந்திருக்கிறது. பாக்கெட்டில் 'அரைத்த நாளிலிருந்து 21 நாள்' என்று அச்சடிக்கப் போகிறோம். ஆறு மாதம் தாங்க வேண்டும் என்று ஒரு கடைக்காரர் கேட்டார், அவருக்கு முழுக்கம்பாகவே தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணாச்சி, உங்கள் மில்லில் அரைக்கலாமா? பைப்பை வழித்தாச்சா?

மாவுமில்_25வருசம் | ஞாயிறு, காலை 11.00

வழித்தாச்சும்மா, ஒரு சட்டி வந்தது. காலையில் முதல் ஈடாக உங்களுடையதைப் போட்டுத் தருகிறேன். வியாழக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று மிளகாய் ஓடும்.